டின் கிட்டா, சாறும் தானியமுமா, முழுத் தானியமா: வீட்டு பீரின் அடுத்த படி

வீட்டிலேயே பீர் தயாரிப்பதற்கான பொருள்கள் அடங்கிய முதல் கிட்டைக் கலக்கி, நொதிக்க வைத்து, பாட்டிலில் அடைத்துத் திறந்து பார்த்தவர்களில் பெரும்பாலானோர் ஏறத்தாழ ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்கள்: வந்திருப்பது பீர்தான், ஆனால் நல்ல பீர் என்று சொல்ல நா எழவில்லை. நுரை எழுந்து சீக்கிரம் அடங்கிவிடுகிறது. கசப்பு இருக்கிறது, மணம் இல்லை. வாயில் கனமே இல்லாமல் தண்ணீராக இறங்குகிறது. சில வேளைகளில் பச்சை ஆப்பிளை நினைவூட்டும் ஒரு வாடையும் சேர்ந்துகொள்கிறது. அடுத்த முறை இதைவிடச் சிறப்பாக வர வேண்டுமானால், இன்னும் விலை கூடிய டின்னை வாங்குவதா, மால்ட் சாறும் தானியமும் ஹாப்ஸும் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப் பூ) தனித்தனியாக வரும் கிட்டுக்கு மாறுவதா, அல்லது ஒரேயடியாக முழுத் தானியக் கிட்டுக்குத் தாவிவிடுவதா என்பதே அப்போது எழும் கேள்வி. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானோருக்கு நடுவில் உள்ள வழியே சரியான அடுத்த படி, ஆனால் நொதிக்கும் வெப்பநிலையைக் கட்டுக்குள் வைக்க வழி செய்யாதவரை, எந்தக் கிட்டுக்கு மாறினாலும் கொடுத்த காசுக்கு உரிய பலன் கிடைக்காது.

பீர் உருவாகும் பாதையை நினைவில் கொண்டால் கிட்டுகளுக்கு இடையேயான வேறுபாடு எளிதில் விளங்கும். முளைகட்டி உலர்த்திய பார்லியே மால்ட். அதை நொறுக்கி, 65 முதல் 68 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரில் ஒரு மணி நேரம் ஊற வைத்தால், தானியத்திலேயே இருக்கும் என்சைம்கள் அதன் மாவுச்சத்தைச் சர்க்கரைகளாக உடைக்கின்றன. வடித்தெடுக்கும் இனிப்பு நீருக்கு வோர்ட் என்று பெயர். வோர்ட்டை ஹாப்ஸுடன் கொதிக்கவிட்டு, ஆற்றி, ஈஸ்ட் சேர்த்தால் நொதித்தல் தொடங்கும். இந்த வேலைகளில் எத்தனையை ஆலையே முடித்துக் கொடுத்திருக்கிறது என்பதுதான் ஒரு கிட்டை இன்னொன்றிலிருந்து பிரிக்கிறது. ஹாப்ஸ் சேர்த்த டின்னில் ஊறலும் கொதியும் இரண்டுமே முடிந்து, நீர் வற்றவைக்கப்பட்டுப் பாகாக அடைபட்டிருக்கிறது. சாறு-தானியக் கிட்டில் ஊறல் முடிந்து, வோர்ட் வற்றவைத்த சாறாக வரும். கொதிக்கவைத்து ஹாப்ஸ் சேர்ப்பது நம் வேலை. முழுத் தானியக் கிட்டிலோ நொறுக்கிய மால்ட்டும் ஹாப்ஸும் ஈஸ்ட்டும் மட்டுமே இருக்கும். மீதி எல்லாம் நம் தலையில்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டனில் வீட்டில் பீர் தயாரிப்பதற்கான உரிமத் தேவை 1963-இல் நீங்கியது. அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்கான பீருக்குக் கூட்டரசு வரிவிலக்கு அளிக்கும் சட்டத்தில் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1978-இல் கையெழுத்திட்டார். வேறு சில இடங்களில் உரிமமின்றித் தயாரிப்பது இன்றும் குற்றம். கிட் விற்பனைக்குக் கிடைக்கிறது என்பதாலேயே தயாரிக்க அனுமதி இருக்கிறது என்று பொருளாகாது.

டின்னுக்குள் இருப்பதும் இல்லாததும்

வழக்கமான ஹாப்ஸ் டின்னில் 1.5 முதல் 1.7 கிலோ வரை பாகு இருக்கும். அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீர். மீதி மால்ட்டின் சர்க்கரைகளும் புரதங்களும். மூடிக்கு அடியில் 5 முதல் 7 கிராம் வரையான ஈஸ்ட் பொட்டலம் ஒன்று ஒளிந்திருக்கும். ஒரு கிலோ சர்க்கரையைச் சேர்த்து, நீர் விட்டு 23 லிட்டராக்கச் சொல்லும் குறிப்புத் தாளும் கூடவே வரும். குறை தொடங்குவது இந்தத் தாளில்தான் என்பது என் எண்ணம். கணக்குப் போட்டுப் பார்த்தால், 1.7 கிலோ பாகும் ஒரு கிலோ சர்க்கரையும் 23 லிட்டரில் ஹைட்ரோமீட்டரை (நீரை 1.000 எனக் கொண்டு திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி) ஏறத்தாழ 1.039-க்கு உயர்த்தும், அந்தச் சத்தில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் வெறும் சர்க்கரையிலிருந்து வருகிறது. சர்க்கரையை ஈஸ்ட் மிச்சம் வைக்காமல் தின்றுவிடும். ஆல்கஹால் கிடைக்கும், வாயில் தங்கும் எதுவும் கிடைக்காது. அதோடு, ஈஸ்ட் நலமாகப் பெருகத் தேவையான நைட்ரஜன் சத்து மால்ட்டில்தான் இருக்கிறது. சர்க்கரை கூடும் அளவுக்கு அந்தச் சத்தும் நீர்த்துப் போகிறது.

எனவே டின் கிட்டிலேயே தொடர விரும்புகிறவர் செய்ய வேண்டிய முதல் மாற்றம், விலை கூடிய டின்னைத் தேடுவதன்று. அந்த ஒரு கிலோ சர்க்கரைக்குப் பதில் ஒரு கிலோ மால்ட் பொடியை, அதாவது உலர்த்திப் பொடியாக்கிய மால்ட் சாற்றை, சேர்ப்பது. தொடக்க ஒப்படர்த்தி, அதாவது நொதிக்கும் முன் ஹைட்ரோமீட்டர் காட்டும் அளவு, 1.038 என்ற அளவில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் நொதித்து முடியும்போது சர்க்கரை போட்ட பீர் 1.006-ஐ ஒட்டி இறங்கியிருக்கும்; மால்ட் பொடி போட்டது 1.010-ஐ ஒட்டி நிற்கும். மிஞ்சியிருக்கும் அந்தச் சிறு வேறுபாடுதான் வாயில் உணரும் கனம். ஆல்கஹால் அரை விழுக்காடு அளவுக்குக் குறையும் என்பது உண்மை. அது குறையக் கூடாது என்றால் 23 லிட்டருக்குப் பதில் 20 லிட்டரோடு நிறுத்திக்கொள்ளலாம். கசப்பும் அதே விகிதத்தில் கூடிச் சமநிலை காக்கும்.

டின்னில் இல்லாத இன்னொன்று மணம். ஹாப்ஸின் கசப்பு கொதிநீரில் ஆல்ஃபா அமிலங்கள் உருமாறுவதால் வருவது. அது பாகிலேயே தங்கிவிடும். மணமோ எளிதில் ஆவியாகும் எண்ணெய்களைச் சேர்ந்தது; பாகை வற்றவைக்கும்போதே அதில் பெரும்பகுதி போய்விடுகிறது. நொதித்தலின் வேகம் அடங்கிய பின், பாட்டிலில் அடைப்பதற்கு மூன்று முதல் ஐந்து நாள் முன்பாக, 25 முதல் 50 கிராம் வரை ஹாப்ஸ் குளிகைகளை நேரடியாக நொதிகலனில் போட்டால் அந்தக் குறை பெருமளவு நீங்கும். இதற்கு அடுப்பே தேவையில்லை. மணம் வர வேண்டும் என்று எண்ணி, ஹாப்ஸ் சேர்த்த பாகை மீண்டும் ஒரு மணி நேரம் கொதிக்கவைப்பவர்களும் உண்டு. நிறம் கறுப்பதையும் எஞ்சியிருந்த சிறிதளவு மணமும் போவதையும் தவிர அதனால் வேறு பயனில்லை.

இவ்வளவு செய்தும் டின் கிட்டால் தாண்ட முடியாத எல்லைகள் சில இருக்கின்றன. பாகு வடிவச் சாறு நாளாக நாளாக, குறிப்பாக வெப்பமான அலமாரியில், தானே கறுத்துக்கொண்டு போகும். சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வினைபுரிவதே காரணம். பழைய டின்னைத் திறந்தால் கண்ணுக்கே தெரியும்: கரண்டியிலிருந்து பொன்னிறமாக இழைய வேண்டிய பாகு செம்பழுப்பாக வழியும், அதன் சுவையும் கருகிய வெல்லப்பாகின் பக்கம் சாய்ந்திருக்கும். வீட்டு பீரை முகர்ந்தவுடன் 'இது கிட்தான்' என்று கண்டுபிடிக்க வைக்கும் வாடை பெரும்பாலும் இதுதான். எவ்வளவு கசப்பு வேண்டும், எந்த ஹாப்ஸ் வேண்டும் என்பனவும் ஆலையின் முடிவாகவே இருந்துவிடுகின்றன. சர்க்கரையே தேவைப்படாத மூன்று கிலோ இரட்டைப் பாகுக் கிட்டுகள் கனத்தின் குறையைத் தீர்த்துவிடுகின்றன. பழமையின் குறையையும் தேர்வின்மையையும் தீர்ப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் கிடைக்கும், வற்றவைக்காத வோர்ட்டையே கலனில் அடைத்துத் தரும் கிட்டுகள் நேரமில்லாதவருக்கு மிக நல்லவை. கிடைக்கும் இடத்தில் இருப்பவர் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

எந்தக் கிட்டுக்கும் பொருந்தும் இரண்டு

மூன்று வகைகளையும் ஒப்பிடும்போது பெரும்பாலோர் தவறவிடுவது ஒன்று உண்டு. வோர்ட்டைத் தயாரிப்பது மட்டுமே நம் வேலை. அதைப் பீராக்குவது ஈஸ்ட். அருமையான வோர்ட்டை நலிந்த ஈஸ்டிடம் 27 டிகிரி வெப்பத்தில் ஒப்படைத்தால் கிடைப்பது, சாதாரண டின் பாகை நல்ல ஈஸ்டிடம் 18 டிகிரியில் ஒப்படைத்தால் கிடைப்பதைவிடக் கட்டாயம் மட்டமாகவே இருக்கும்.

டின் மூடிக்கு அடியில் கிடந்த ஈஸ்ட் எத்தனை மாதங்கள் எந்த வெப்பத்தில் கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. அளவும் குறைவு, 20 லிட்டருக்கு மேல் நொதிக்கவைக்க, தனியாக விற்கப்படும் 11 கிராம் பொட்டலமே பொருத்தமானது. தூய, நடுநிலையான சுவைக்கு யு.எஸ்-05, சற்றே பழ மணமுள்ள ஆங்கிலேய வகைக்கு எஸ்-04 என்று உலர் ஈஸ்டிலேயே தேர்வுக்கு இடமிருக்கிறது. டின்னின் மேல் 'லாகர்' என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே இருப்பது பல நேரங்களில் சற்றே கூடிய வெப்பத்தில் நொதிக்கும் ஏல் வகை ஈஸ்ட்தான் என்பதையும் கவனிக்க வேண்டும். உண்மையான லாகர் ஈஸ்டுக்கு 9 முதல் 13 டிகிரி வரையான குளிர் வாரக்கணக்கில் வேண்டும். எல்லோருடைய வீட்டிலும் அது இயலாது என்பது ஆலைக்குத் தெரியும்.

வெப்பத்தைப் பொறுத்தவரை, ஏல் வகைகள் பெரும்பாலானவற்றுக்கு 18 முதல் 20 டிகிரியே நல்ல எல்லை. குறிப்புத் தாள்கள் 25, 27 வரை கூடத் தாராளமாக அனுமதிக்கின்றன. சீக்கிரம் நொதித்து முடியும் என்பது மட்டுமே அதிலுள்ள நன்மை. வெப்பம் கூடும்போது ஈஸ்ட் வெளியிடும் கடுமையான ஆல்கஹால் வகைகளும் தேவையற்ற பழ வாடையும் பீரில் வந்து சேரும். நொதித்தலே வெப்பத்தை உண்டாக்குவதால், வேகம் உச்சத்தில் இருக்கும்போது கலனுக்குள் இருப்பது அறையைவிடச் சில டிகிரி சூடாகவே இருக்கும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சுவையின் பெரும்பகுதி முதல் மூன்று நாள்களில் தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே அந்த மூன்று நாளாவது கலனை நீர் நிரம்பிய தொட்டியில் நிறுத்தி, உறைய வைத்த நீர்ப் பாட்டில்களை மாற்றி மாற்றிப் போட்டுக் குளிர்வித்தாலே பயன் தெரியும். பழைய குளிர்பதனப் பெட்டி ஒன்றும் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றும் வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. புதிய பாத்திரமா, குளிர்பதனப் பெட்டியா என்று யாரேனும் கேட்டால், நான் பெட்டியைத்தான் சொல்வேன்.

கிருமிநீக்கத்தைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வோர்ட் ஆறிய பின் அதைத் தொடும் ஒவ்வொன்றும் முதலில் கழுவப்பட்டு, பிறகு கிருமிநீக்கக் கரைசலில் நனைக்கப்பட்டிருக்க வேண்டும். அழுக்கின் மேல் கிருமிநாசினி வேலை செய்யாது. குழாய் நீரில் குளோரின் அல்லது குளோரமின் இருந்தால், அது மால்ட்டின் ஃபீனால்களோடு சேர்ந்து மருந்துப் பெட்டியின் வாடையை உண்டாக்கும். கேம்டன் (சல்ஃபைட்) மாத்திரையில் கால் பங்கைப் பொடித்து 20 லிட்டர் நீரில் கலந்தால் சில நிமிடங்களில் அது முறிந்துவிடும்.

நடுவழி: சாறு, தானியம், ஹாப்ஸ்

இந்த வகைக் கிட்டில் ஹாப்ஸ் சேராத மால்ட் சாறு (பாகாகவோ பொடியாகவோ), நொறுக்கிய சிறப்பு மால்ட் கால் முதல் அரைக் கிலோ, ஹாப்ஸ் குளிகைகள் சில பொட்டலங்கள், ஓர் ஈஸ்ட் ஆகியவை வரும். தேவைப்படும் பாத்திரம் 15 லிட்டர் கொள்ளளவு இருந்தால் போதும். பத்து லிட்டர் நீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி, தானியத்தைத் துணிப் பையில் கட்டி அரை மணி நேரம் ஊற வைப்பதுதான் முதல் வேலை. கிரிஸ்டல் மால்ட், வறுத்த மால்ட் போன்றவற்றில் மாவுச்சத்து ஏற்கெனவே மாறியோ வறுபட்டோ இருப்பதால் ஊறலே போதும். பையை அப்படியே கொதிக்கவிட்டால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கிவிடும். எனவே கொதி வருவதற்கு முன் எடுத்துவிட வேண்டும். பை மிதக்கும் நீர் சில நிமிடங்களிலேயே தேன் நிறமாகி, பிறகு வகைக்கேற்பக் காப்பி நிறம் வரை ஆழ்ந்துகொண்டே போகும். டின் கிட்டில் ஒருபோதும் வராத புது மால்ட்டின் மணம் அப்போது அறையெங்கும் பரவும். பீரின் சுவையில் ஏற்படும் மாற்றத்துக்கு அந்த மணமே சான்று.

பிறகு அடுப்பை அணைத்துவிட்டுச் சாற்றைச் சேர்க்க வேண்டும். எரியும் அடுப்பின் மேல் பாகை ஊற்றினால் அது அடியில் போய்ப் படிந்து கருகும். பொடிக்கு வேறொரு குணம் உண்டு: பாத்திரத்திலிருந்து எழும் ஆவி பட்டவுடன் பொட்டலத்தின் வாயிலும் கரண்டியிலும் பசையாக ஒட்டிக் கட்டியாகிவிடும், அதைக் குளிர்ந்த நீரில் முன்பே கரைத்து ஊற்றினால் அந்தத் தொல்லை இல்லை. முதல் கொதி எழும்போது நுரை திடீரென்று பொங்கி விளிம்பைத் தாண்டும். ஹாப்ஸ் குளிகைகளைப் போடும்போது மறுபடியும் பொங்கும். இந்த இரண்டு தருணங்களிலும் அடுப்பை விட்டு அகலக் கூடாது என்பதைத் தவிர இங்கே பெரிய திறமை எதுவும் தேவையில்லை.

கொதியின் ஒரு மணி நேரத்தில்தான் இந்த வழியின் உண்மையான ஆதாயம் இருக்கிறது. தொடக்கத்தில் போடும் ஹாப்ஸ் கசப்பைத் தரும். கடைசிப் பதினைந்து நிமிடங்களில் போடுவது சுவையைத் தரும். அடுப்பை அணைக்கும்போது போடுவது மணத்தைத் தரும். டின் கிட்டில் ஆலை எடுத்த அத்தனை முடிவுகளும் இங்கே நம் கைக்கு வந்துவிடுகின்றன. சாற்றில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் தொடக்கத்தில் போட்டு, மீதியைக் கடைசிப் பத்து நிமிடங்களில் சேர்த்தால் நிறமும் அவ்வளவாகக் கறுக்காது. பத்து லிட்டர் வோர்ட் என்பதால் அதைக் குளிர்விப்பதும் எளிது. பனிக்கட்டி மிதக்கும் நீர்த் தொட்டியில் பாத்திரத்தை இறக்கி வைத்து, பிறகு நொதிகலனில் குளிர்ந்த நீரோடு சேர்த்தாலே போதும். சூடு குறைந்த பின் கலனை நன்றாக ஆட்டிக் காற்றைக் கலக்க வேண்டும். ஈஸ்ட் பெருக ஆக்சிஜன் தேவைப்படும் ஒரே கட்டம் இதுதான். நொதித்த பின்பு அதே ஆக்சிஜன் பீரைக் கெடுக்கும்.

இங்கே பலரைக் குழப்பும் ஒரு சிறு விஷயம்: மேலே நீர் சேர்த்த வோர்ட்டில் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டால் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகக் காட்டும். அடர்ந்த வோர்ட் அடியிலும் நீர் மேலேயும் தங்குவதே காரணம். பிழை அளவீட்டில்தான், பீரில் இல்லை. சாற்றின் எடையும் மொத்தக் கொள்ளளவும் சரியாக இருந்தால் தொடக்க ஒப்படர்த்தியும் கணக்கிட்டபடியே இருந்தாக வேண்டும்.

இந்த வழியின் குறை என்று சொன்னால், முதலாவது செலவு. நொதிக்கக்கூடிய சத்தைப் பெறுவதற்கு மால்ட் பொடியே மூன்று வகைகளிலும் விலை கூடியது. இரண்டாவது, சாற்றின் உள்ளடக்கம் ஆலையின் கையில் இருக்கிறது. எவ்வளவு நொதிக்கும், எவ்வளவு மிஞ்சும் என்பதை நாம் மாற்ற முடியாது. கோதுமைச் சாறு என்று விற்பதும் பெரும்பாலும் கோதுமை, பார்லி இரண்டின் கலவைதான். ஓட்ஸ் அவல் போன்றவற்றைச் சேர்க்க விரும்பினால் வெறும் ஊறல் போதாது. அவற்றின் மாவுச்சத்தை உடைக்க, என்சைம் உள்ள மால்ட் உடனிருந்தாக வேண்டும். ஆனால் கனிமங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்பது ஒரு வசதி. ஆலை பயன்படுத்திய நீரின் கனிமங்கள் சாற்றிலேயே தங்கியிருக்கும்.

முழுத் தானியக் கிட்

முழுத் தானியத்தில்தான் உண்மையான பீர் இருக்கிறது என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஊறலின் வெப்பத்தை 64 டிகிரியில் நிறுத்தினால் வோர்ட் அதிகம் நொதித்து வறண்ட பீர் கிடைக்கும்; 69-க்குக் கொண்டுபோனால் நொதிக்காத சர்க்கரைகள் மிஞ்சிக் கனமான பீர் கிடைக்கும். இந்தக் கட்டுப்பாடு சாற்றில் கிடையவே கிடையாது. பொருளின் விலையும் குறைவு. நிறமும் விரும்பிய அளவுக்கு வெளிறியிருக்கும். மறுபாதியை அவர்கள் சொல்வதில்லை: இதற்கு ஒரு நாளில் ஐந்தாறு மணி நேரமும், பாத்திரமும், அதைக் கொதிக்கவைக்கும் வலிமையுள்ள அடுப்பும் வேண்டும்.

இன்று வீட்டில் எளிதாகச் செய்யக்கூடியது ஒரே பாத்திரத்தில் பையில் ஊற வைக்கும் முறை. 23 லிட்டர் பீருக்கு ஐந்து கிலோ தானியம் என்று வைத்துக்கொள்வோம். தானியம் உறிஞ்சுவது நான்கு லிட்டர், ஒரு மணி நேரக் கொதியில் ஆவியாவது இன்னொரு நான்கு, அடியில் தங்கும் கசடு இரண்டு என்று கூட்டினால் தொடக்கத்தில் 33 லிட்டர் நீர் தேவைப்படும். அதில் தானியமும் இறங்கினால் 36 லிட்டரைத் தாண்டும். எனவே 40 லிட்டருக்குக் குறையாத பாத்திரம் வேண்டும். சமையலறை அடுப்புகள் பல, அவ்வளவு நீரை உருண்டு கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர முடியாமல் திணறும். ஊறல் முடிந்ததும் தூக்க வேண்டிய பையோ, நீரோடு சேர்த்துப் பத்துக் கிலோவை நெருங்கும். 67 டிகிரி சூட்டில் சொட்டச் சொட்ட அதைத் தூக்கிப் பிடித்து வடியவிடுவது தனியாளுக்கு லேசான காரியமன்று. மேலே ஒரு கொக்கியும் கயிறும் இருந்தால் பிழைத்தோம். 25 லிட்டர் கொதிநீரை விரைவாக ஆற்றுவது, குளிர்நீர் ஓடும் செம்புச் சுருள் குழாய் இல்லாமல் கடினம்.

இந்த இடர்கள் எல்லாவற்றுக்கும் எளிய மாற்று ஒன்று உண்டு: பாதி அளவு. பத்து லிட்டர் பீருக்கு இரண்டேகால் கிலோ தானியமும் 16 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட நீரும் போதும். 20 லிட்டர் பாத்திரம் சாதாரண அடுப்பிலேயே தாங்கும். நீரை ஊறல் வெப்பத்தைவிடச் சுமார் 3 டிகிரி கூடுதலாகச் சூடாக்கித் தானியத்தைக் கொட்டினால் சரியான இடத்தில் வந்து நிற்கும். பாத்திரத்தைப் போர்வையால் சுற்றி வைத்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் வெப்பம் பெரிதாக இறங்காது. முழுத் தானியத்துக்குப் போக நினைப்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். கிட் வாங்கும்போதும் 10 லிட்டர் அளவையே தேடச் சொல்வேன். நேரம் மட்டும் பாதியாகாது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அதே ஊறல், அதே கொதி. கிடைக்கும் பாட்டில்கள்தான் பாதி.

முழுத் தானியக் கிட்டை வாங்கியவருக்கு வரும் முதல் ஏமாற்றம் ஒப்படர்த்தியில்தான். தானியத்தின் சத்தில் 70 முதல் 75 விழுக்காடு வோர்ட்டில் வந்துவிடும் என்று கருதித்தான் கிட்டின் கணக்கு போடப்பட்டிருக்கும். மால்ட் சரியாக நொறுக்கப்படாமலோ, கட்டி கட்டியாக நனையாமலோ இருந்தால் அந்த அளவு வராது. 1.050 வர வேண்டிய இடத்தில் 1.042 நிற்கும். அரைக் கிலோ மால்ட் பொடியைக் கையிருப்பில் வைத்திருந்தால் கொதியின் முடிவில் சேர்த்துச் சரிசெய்துவிடலாம். நீரின் கனிமங்களும் ஊறலின் அமிலத்தன்மையும் இங்கே உண்மையிலேயே பொருட்படுத்தத்தக்கவை, ஊறலின் பி.எச். அளவு 5.2-க்கும் 5.6-க்கும் இடையில் இல்லாவிட்டால் என்சைம்களின் வேலையும் சுவையும் இரண்டுமே தடுமாறும்.

எந்த பீரை விரும்புகிறீர்கள்

முடிவெடுக்கும்போது நேரத்தையும் பாத்திரத்தையும் மட்டுமன்றி, குடிக்க விரும்பும் வகையையும் கணக்கில் கொள்வது நல்லது. வழிகாட்டிகளில் இது போதிய அளவு சொல்லப்படுவதில்லை. ஸ்டவுட், போர்ட்டர் போன்ற கரிய பீர்களில் வறுத்த மால்ட்டின் சுவை ஓங்கியிருப்பதால் சாற்றின் சிறு குறைகள் வெளியே தெரியாது. சாறு-தானியக் கிட்டில் தயாரித்த ஸ்டவுட்டை முழுத் தானியத்தில் தயாரித்ததிலிருந்து பிரித்தறிவது கடினம். மால்ட் பொடி சேர்த்துச் சரியான வெப்பத்தில் நொதிக்கவைத்த டின் ஸ்டவுட்டும் தாராளமாகக் குடிக்கத்தக்கதே. ஹாப்ஸ் மணம் மிகுந்த ஐ.பி.ஏ. வகைகளை விரும்புகிறவருக்கு டின் உதவாது. புதிய ஹாப்ஸ் பொட்டலங்கள் வரும் நடுவழிக் கிட்டே குறைந்தபட்சத் தேவை. கோதுமை பீரின் சுவையில் பெரும்பகுதி ஈஸ்டிலிருந்தே வருவதால், நடுவழிக் கிட்டும் உரிய ஈஸ்டும் அதற்குப் போதும். வைக்கோல் நிறத்தில் பளபளக்கும் பில்ஸ்னர்தான் வேண்டும் என்பவருக்கு மறைத்துக்கொள்ள இடமே கிடையாது. நிறமும் பழமையும் வெப்பமும் ஈஸ்டும் அத்தனையும் அதில் அம்பலமாகும். அவர் முழுத் தானியத்தோடு குளிர்பதனப் பெட்டியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும், அல்லது அந்த ஆசையைச் சிறிது காலம் தள்ளிப்போட வேண்டும்.

ஒரு மாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒதுக்க முடியாதவர், டின்னையே வாங்கி, சர்க்கரையை விட்டு மால்ட் பொடி, தனி ஈஸ்ட், நொதித்த பின் ஹாப்ஸ் என்ற மூன்றையும் சேர்ப்பதே நல்லது. மூன்று மணி நேரமும் ஒரு நடுத்தரப் பாத்திரமும் உள்ளவர் நடுவழிக்கு வரட்டும். என் கணிப்பில், செலவழிக்கும் நேரத்துக்குக் கிடைக்கும் முன்னேற்றம் இங்கேதான் மிக அதிகம். செய்முறையிலேயே ஈடுபாடு பிறந்து, ஒரு நாள் முழுவதையும் அதற்குக் கொடுக்க மனம் வருகிறவர் மட்டும், அதுவும் 10 லிட்டர் அளவில், முழுத் தானியத்துக்குப் போகலாம்.

எதை வாங்கினாலும் பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியைத் திருப்பிப் பார்க்க வேண்டியவை சில உண்டு. பாகு டின் என்றால் காலாவதி நாள் எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு நல்லது. தள்ளுபடியில் குவித்து வைத்திருக்கும் டின்களைச் சந்தேகத்தோடு பார்ப்பதே முறை. ஹாப்ஸ் காற்று நீக்கிய, ஒளி புகாத பொட்டலத்தில் இருக்க வேண்டும். ஒளி ஊடுருவும் சாதாரண உறையில் பல மாதங்கள் கிடந்த ஹாப்ஸ் பாலாடைக்கட்டியின் வாடை வீசும். நொறுக்கிய தானியம் முழுத் தானியத்தைவிட வேகமாகக் கெடும் என்பதால், எந்த நாளில் பயன்படுத்தப்போகிறோம் என்பது உறுதியான பிறகே வாங்க வேண்டும். ஈஸ்ட் எந்த வகை என்று பெயர் குறிப்பிடாத கிட்டுக்கு, தனிப் பொட்டலம் ஒன்றையும் கூடவே எடுத்துக்கொள்வது நல்லது. பாட்டிலில் அடைக்கும் நாளைப் பற்றிப் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அதை நம்பக் கூடாது: ஹைட்ரோமீட்டர் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவைக் காட்டிய பிறகே அடைக்க வேண்டும், லிட்டருக்கு ஆறு கிராமை ஒட்டிச் சர்க்கரை சேர்த்தால் போதும். நொதித்து முடியாத பீரை அடைத்த பாட்டில், எந்தக் கிட்டிலிருந்து வந்ததானாலும், அழுத்தம் தாங்காமல் வெடிக்கும்.